குட்டி எட்டு

பாட்டுக்குழுவுக்கு மேற்கத்திய இசை நோட்ஸைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. பயம் அவள் கூடப்பிறந்தது. ஆண்குரல் வரியின் தொடக்கக் குறிக்குக் கீழே குட்டியாக ஓர் எட்டு இருந்தால், எழுதியதற்கு ஒரு ஸ்தாயி கீழே பாட வேண்டும். இல்லாவிட்டால் தொண்டை கிழியும்.

ஒத்திகைக்குக் கிளம்பும்போது பார்த்தால் எட்டைக் காணோம். அவசரமாகச் சேர்த்து, அச்செடுத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

அங்கே பாட வந்திருந்த கணவன் தாளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான். "ஏம்மா, ஸ்வரமெல்லாம் மொட்டைமாடியில நிக்குதே, ஏணி தருவியா?"

எட்டைச் சேர்த்தாலும் ஒலி மாறக் கூடாதென்று, அந்த அதிகப்பிரசங்கி மென்பொருள் எல்லா ஸ்வரத்தையும் ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வைத்திருந்தது. எட்டின்படி இறக்கிப் பாடினாலும் அதே தொண்டை கிழிக்கும் உயரம்தான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் குழுத்தலைவர் கையை உயர்த்த, ஆண்களெல்லாம் கடமை தவறாமல் மூச்சை இழுத்தார்கள்.