அறுபத்திரண்டு பேர் கேட்ட நீரூற்று

வார்டு அலுவலகத்துக்கு நேர் எதிரே, மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், ஆறடி அகலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு மேஜை விசிறி. விசிறி ஓடினால் தாள் பறக்கும். ஓடாவிட்டால் மெஷின் சூட்டில் ஆள் வெந்துபோவார். அதனால் விசிறியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார் கடைக்காரப் பெண்மணி. வயது ஐம்பத்து மூன்று. பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து பென்ஷன் வாங்குகிற கிழவர் வரை எல்லாருக்கும் அவர் ஜெராக்ஸ் அக்கா.

அக்காவுக்கு ஒரு பழக்கம். எந்தத் தாளைக் கொடுத்தாலும் ஒரு பார்வை படித்துவிட்டுத்தான் மெஷினில் கவிழ்ப்பார். தேதி, முத்திரை, கையெழுத்து மூன்றும் அந்த ஒரு பார்வையில் சிக்கிவிடும். "அக்கா, அது என் டாக்டர் சீட்டு" என்று யாராவது முறைத்தால், "தலைகீழா வெச்சா உனக்குத்தான் நஷ்டம்" என்பார். உண்மைக் காரணம் வேறு. கல்யாணமான புதிதில் கூடப்பிறந்த அண்ணன் ஒரு தாளை நீட்டி, "சும்மா சாட்சிக் கையெழுத்துதான் பாப்பா" என்றார். படிக்காமல் போட்டார். அப்பா வீட்டில் இருந்த பங்கு அந்தத் தாளோடு போய்விட்டது. அன்று பிடித்த சந்தேகம் முப்பது வருஷமாக இறங்கவே இல்லை. பால்காரர் அளந்தாலும் சந்தேகம், பக்கத்து வீட்டில் சிரித்தாலும் சந்தேகம்.

அப்படிப்பட்டவர் கடைக்கு அந்த வருஷம் செவ்வாய்க்கிழமைகளில் திடீரென்று கூட்டம் கூடியது. நூலகத்தின் பின்னறையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்திருக்கிறாராம். யார் யாருக்கு என்னென்ன உதவித்தொகை உண்டு, எந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்றெல்லாம் இலவசமாகச் சொல்லித் தருகிறாராம். அவரிடம் போகிறவர்கள் எல்லாரும் அடையாள அட்டைக்கும் வருமானச் சான்றுக்கும் இரண்டிரண்டு நகல் கேட்டு அக்காவிடம் வந்தார்கள். வியாபாரம் நன்றாக நடந்தது. அதுவே அக்காவை உறுத்தியது.

"இலவசமா? அந்தம்மா வீட்ல அடுப்பு எரிய வேண்டாமா?" என்று நகல் எடுக்க வந்தவர்களிடமே கேட்டார். "அசலை மட்டும் குடுத்துடாதீங்க. நகல்லயும் குறுக்க ஒரு கோடு போட்டு, எதுக்குன்னு எழுதிக் குடுங்க."

வீட்டில் அவருடைய கணவர் முன்னாள் பஸ் டிரைவர். நாலு வருஷமாக இரண்டு கையும் நடுக்கம்; டம்ளர் தண்ணீரைக்கூட அக்காதான் வாயில் வைக்க வேண்டும். பகலில் இரண்டு முறை கடையைச் சாத்திவிட்டு ஓடி வருவார், கணவருக்காகப் பாதி, தனக்காகப் பாதி. அந்தத் தெருவிலும் பஸ் நிறுத்தத்திலும் பெண்கள் ஒதுங்க ஒரு கழிப்பறை கிடையாது.

"நீயும் அந்த மேடத்தைப் போய்ப் பாரேன்" என்றார் கணவர். "என் கைக்கு ஏதோ உதவி உண்டுன்னு சைக்கிள் கடைக்காரர் சொல்றார். தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சா பாக்கறது?"

"பல்லு நல்லா இருந்தா எதுக்குங்க தானமா குடுக்கறான்?" என்றார் அக்கா.

ஆனாலும் போனார். கணவரின் மருத்துவத் தாள்களை மடியில் அணைத்துக்கொண்டு, பின்னறையில் அந்தப் பெண் எதிரே உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி, பழைய துணிப்பை, நிறைய ஒட்டுத்தாள். அக்கா கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு யாரு சம்பளம் குடுக்கறா?"

"இந்த வட்டாரத்துக்குன்னு ஒரு வளர்ச்சி நிதி இருக்குல்ல, அதுலேர்ந்து ஒரு பங்கு வருதுங்க" என்றார் அவர். கேள்வியால் முகம் சுளிக்கவில்லை. அதுவும் அக்காவுக்குச் சந்தேகமாக இருந்தது. இப்படிக் கேட்டும் கோபப்படாத ஆள் எப்படிப்பட்ட ஆள்? இருந்தாலும் நகல்களைக் கொடுத்தார், ஒவ்வொன்றிலும் குறுக்கே கோடு போட்டு. ஆலோசனை மேடம் கணவரின் பெயரையும் கதவு எண்ணையும் ஒரு பெரிய நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த வளர்ச்சி நிதியைப் பற்றித்தான் அதே வாரம் அலுவலகத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். மிச்சமிருக்கும் பணத்தில் நீரூற்று கட்டுவதா, தெருவிளக்கு கூட்டுவதா, பஸ் நிறுத்தத்தில் கழிப்பறை கட்டுவதா என்று பொதுமக்கள் கருத்து எழுதித் தரலாம். ஒட்டின இடம்தான் விசேஷம். வாசல் கதவின் உட்புறம். அலுவலகம் திறந்திருந்தால் கதவு சுவரோடு சாய்ந்து அறிவிப்பை மறைத்துவிடும். படிக்க வேண்டுமானால் அலுவலகம் பூட்டின பிறகு உள்ளே இருக்க வேண்டும்! பெருக்குகிற அம்மாள் சொல்லித்தான் அக்காவுக்கே தெரிந்தது. அவர் கழிப்பறை என்று எழுதிப் பெட்டியில் போட்டார். போட்டதற்கு அத்தாட்சி கேட்டார். இல்லை என்றார்கள்.

கருத்து தரக் கடைசி நாள் மதியம் இரண்டு மணிக்குக் குடியிருப்போர் சங்கத் தலைவர் கடைக்கு வேர்க்க வேர்க்க வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒரு கட்டு படிவத்தை மேஜையில் வைத்தார்.

"அறுபத்திரண்டு இருக்கும்மா. ஒவ்வொண்ணுலயும் ஒரு காப்பி. ஆபீஸ் மெஷின் ரிப்பேராம். அஞ்சு மணிக்குள்ள குடுத்தாகணும். நீ ஒண்ணும் படிக்க வேண்டாம், சட்டுனு எடு."

படிக்க வேண்டாம் என்றால் அக்கா படிக்காமல் இருப்பாரா? எல்லாம் கருத்துப் படிவங்கள். எல்லாரும் நீரூற்றுதான் கேட்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே நீல மையில் கேட்டிருந்தார்கள். 'நீரூற்று' என்பதில் றகரத்தின் வாலை எல்லாரும் ஒரே மாதிரி சுழித்திருந்தார்கள். ஒன்பதாவது தாளைக் கவிழ்க்கப் போன அக்காவின் கை அப்படியே நின்றது. அதில் அவர் கணவரின் பெயர். கீழே கொடி ஓடின மாதிரி ஒரு கையெழுத்து.

"என்னம்மா நின்னுட்ட?"

"மெஷின் தாளைக் கடிச்சுடுச்சு சார். ஒரு நிமிஷம்."

அந்த மெஷின் அடிக்கடி தாளைக் கடிக்கிறதுதான். அன்று அதுவாகக் கடித்ததா, அக்கா கடிக்க வைத்தாரா என்று கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கசங்கின நகலை உருவிக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு வேறொன்று எடுத்துக் கொடுத்தார். இன்னும் மூன்று தாள் தள்ளி இஸ்திரிக்காரர் பெயர் இருந்தது. இஸ்திரிக்காரர் போன வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகளுக்கு இறப்புச் சான்றிதழில் பத்து நகல் எடுத்துக் கொடுத்ததே அக்காதான்.

தலைவர் போனதும் கழிவுப் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீவினார். வீட்டுக்கு ஓடினார்.

"ஏங்க, யாராவது வந்து உங்ககிட்ட கையெழுத்து கேட்டாங்களா?"

"என்கிட்டயா? என் கையெழுத்தை நானே பாத்து நாலு வருஷம் ஆச்சே" என்று சிரித்தார் கணவர். நடுக்கம் வந்த நாளிலிருந்து அவருக்குக் கைநாட்டுதான்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெயரும் கதவு எண்ணும் யாரிடம் கொடுத்தோம்? பெரிய நோட்டு. வளர்ச்சி நிதியிலிருந்து சம்பளம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு சரியாக வந்தது. ராத்திரி முழுக்க அந்த மூக்குக்கண்ணாடியை மனதுக்குள் உடைத்துக்கொண்டே படுத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை நூலகம் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய், கசங்கின தாளை மேடத்தின் நோட்டு மேல் போட்டார்.

"நல்லா இருக்கும்மா உங்க இலவசம்! உதவி பண்றேன்னு பேரை வாங்கி, சங்கத்துக்கு வித்துட்டீங்களா?"

பின்னால் நின்ற மூன்று பேர் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். மேடம் தாளை எடுத்து இரண்டு முறை படித்தார். முகம் முதல் தடவையாகச் சிவந்தது.

"நான் குடுக்கல. ஆனா நான் சொல்றதை நீங்க நம்ப வேண்டாம்" என்று நோட்டைத் திறந்து அக்கா பக்கம் திருப்பினார். "நீங்களே ஒத்துப் பாருங்க."

அக்கா ஒத்துப் பார்த்தார். நோட்டில் கதவு எண் பதினாலு. படிவத்தில் ஒன்பது. ஒன்பது என்பது பழைய எண். தெரு எண்களை மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது. ஆக, எழுதினவன் ஏதோ பழைய பட்டியலைப் பார்த்து எழுதியிருக்கிறான். சங்கத்தின் பழைய உறுப்பினர் பட்டியலாக இருக்கும். இஸ்திரிக்காரர் அதில் உயிரோடுதான் இருப்பார்.

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. "இதை யாருகிட்ட சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம் இருக்கு. யாரு வேணும்னாலும் பேசலாம். வந்த படிவத்தைக் காட்டச் சொல்லி கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. விதி எந்தப் பக்கத்துல இருக்குன்னு எழுதித் தர்றேன்."

எழுதித் தந்ததை அக்கா நேரே அலுவலகத்துக்குக் கொண்டுபோய், விதிப் புத்தகத்தை வாங்கிச் சரிபார்த்துக்கொண்டார். இருந்தது.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி, அதில் நாற்பது பேர். மைக் கீச்சிட்டது. அதிகாரி எழுந்து, "மொத்தம் எழுபத்தெட்டு படிவம் வந்திருக்கு. அதுல அறுபத்திரண்டு பேர் நீரூற்று கேட்டிருக்காங்க. மக்கள் விருப்பம் தெளிவா இருக்கு" என்றார். முன்வரிசையில் சங்கத் தலைவர் கைதட்டினார். அவருடைய மச்சான் பளிங்குக் கல் வியாபாரி என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருந்ததா இல்லையா என்று கடைசிவரை யாரும் நிரூபிக்கவில்லை.

அக்கா எழுந்தார். வாழ்க்கையில் அவர் மைக்கைத் தொட்டதே இல்லை, அன்றும் தொடவில்லை.

"சார், அந்த அறுபத்திரண்டு பேரையும் வாசிங்க. இங்க இருக்கிறவங்க கை தூக்கட்டும்."

"அதுக்கெல்லாம் நேரம் இல்லம்மா."

"விதியில இருக்கு சார். பக்கம் சொல்லவா?"

பக்கத்தைச் சொன்னார். பின்வரிசையில் யாரோ, "வாசிங்க, வாசிங்க" என்றார்கள். அதிகாரி வாசிக்க ஆரம்பித்தார். முதல் எட்டுப் பெயருக்கு ஒரு கையும் எழவில்லை. ஒன்பதாவது பெயரைச் சொன்னதும் அக்கா குரல் கொடுத்தார்.

"அவரு என் வீட்டுக்காரர். டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாத மனுஷன். நாலு வருஷமா கைநாட்டு. இவ்வளவு அழகா யாரு சார் போட்டது? சொன்னா, பென்ஷன் தாள்லயும் அந்த ஆளையே போடச் சொல்லிடுவேன்."

மண்டபம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பன்னிரண்டாவது இஸ்திரிக்காரர். சிரிப்பு சட்டென்று நின்றது. நடுவரிசையில் அவர் மகள் இருந்தாள். மெதுவாக எழுந்து, "அது எங்கப்பா" என்றாள். உடனே உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி படிவக் கட்டை மூடினார். சங்கத் தலைவர் எழுந்து, "சங்கத்துப் பசங்க ஏதோ ஆர்வக்கோளாறுல செஞ்சிருக்காங்க" என்று ஆரம்பித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நாற்பது பேர் விடவில்லை. கூச்சலுக்கு நடுவில் கருத்துக்கேட்பு ரத்து, புதிதாக நடக்கும் என்று அறிவிப்பு வந்தது.

இந்தத் தடவை ஆலோசனை மேடமும் அக்காவும் சேர்ந்து வீடு வீடாகப் போனார்கள். ஒருவர் படிவம் கொடுக்க, ஒருவர் கதவு எண்ணைச் சரிபார்க்க. பத்து வீட்டில் கதவே திறக்கவில்லை. ஜன்னல் திரை மட்டும் அசைந்தது. "நம்மளப் பாத்தா திருடிங்க மாதிரியா இருக்கு?" என்றார் மேடம். "நானா இருந்தாலும் திறக்க மாட்டேன்" என்றார் அக்கா. கழிப்பறைக்கு நூற்றுப் பதினெட்டு, விளக்குக்கு நாற்பத்தாறு, நீரூற்றுக்கு முப்பத்தொன்று. அந்த முப்பத்தொன்றையும் அக்கா தனியாக உட்கார்ந்து கையெழுத்து ஒத்துப் பார்த்தார். அத்தனையும் நிஜம். நிஜமாகவே சிலருக்கு நீரூற்று பிடித்திருந்தது என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று.

விசாரணை ஒன்று நடந்தது. ஆர்வக்கோளாறு என்று எழுதி முடித்தார்கள். தலைவர் தலைவராகவே இருக்கிறார்.

கணவருக்கு உதவித்தொகை, விண்ணப்பித்த ஐந்தாம் மாதம் வந்தது. அனுமதிக் கடிதத்தை அக்கா மூன்று முறை படித்தார். முத்திரை நிஜம்தானா என்று தலைமை அலுவலகம் வரை போய்க் கேட்டு வந்தார். அதன் பிறகு நூலகத்தின் பின்னறைக்குப் போய், வாசலில் நின்றபடியே, "அன்னிக்கு உங்களைத் திட்டினது தப்புதான்" என்றார்.

"பரவால்ல. மறுபடி எப்ப திட்டப் போறீங்க?"

"காரணம் கிடைக்கட்டும்" என்றார் அக்கா. இருவரும் சிரித்தார்கள், மேடம் கொஞ்சம் கூடுதலாக.

கழிப்பறை கட்டிமுடிக்கப் பதினோரு மாதம் பிடித்தது. சொன்னதைவிட ஒரு அறை குறைவு. ஏன் குறைந்தது என்று அக்கா மனுக் கொடுத்திருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை. சாவி யாரிடம், தண்ணீர் எத்தனை மணிக்கு, துப்புரவுக்கு யார் என்பதையெல்லாம் எழுதிக் கதவின் வெளிப்புறத்தில் ஒட்ட வைத்துவிட்டார். இப்போது பகலில் ஒரே ஒரு தடவைதான் வீட்டுக்கு ஓடுகிறார், கணவருக்காக மட்டும்.

சங்கத் தலைவர் இப்போதெல்லாம் மூன்று தெரு தள்ளியுள்ள கடையில் நகல் எடுக்கிறாராம். சைக்கிள் கடைக்காரர் வந்து சொன்னபோது அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்படியா? என்ன தாளாம்?"