கல்யாண மண்டபத்தில் ஒரு கைது

என் கணவரை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை போலீஸ் கைது செய்திருக்கிறது. காலையில் வேனில் ஏற்றிப் போய் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். மதியம் சாம்பார் சாதப் பொட்டலமும் ஊறுகாயும் வந்தன. சாயங்காலம் பெயரைக்கூட ஒழுங்காகக் கேட்காமல் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கும்பகோணத்தில் அவர் கல்லூரியில் படித்த காலம். பஸ் கட்டணத்தை ஏற்றியதை எதிர்த்து மாணவர்கள் செய்த சாலை மறியல் அது. தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் பேப்பரில் கைது என்று போடுவார்கள். வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். "மண்டபத்துல வெச்சிருந்தாங்க" என்பார்கள், அவ்வளவுதான்.

அந்த மண்டபம் இத்தனை வருடம் கழித்து டெக்சாஸில், காப்பெலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும் என்று நான் நினைக்கவே இல்லை.

கிரீன் கார்டு கிடைத்து வேண்டிய வருடங்கள் கழிந்ததும் அவர் குடியுரிமைக்கு அப்ளை பண்ணினார். எனக்கு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். எங்கள் வீட்டில் இந்த நாட்டுக்காரி ஒருத்திதான், இங்கேயே பிறந்த எங்கள் மகள். அவளுக்குப் பதினெட்டு ஆகியிருந்தது. விண்ணப்பத்தில், எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. இல்லை என்று போட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது நினைவுக்கே வரவில்லை. எனக்கும்தான்.

நேர்காணல் அன்று நான் வெளியே காரில் இருந்தேன். திரும்பி வந்தவரின் முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"டெஸ்ட் பாஸாயிட்டேன். எல்லாக் கேள்விக்கும் கரெக்டா சொன்னேன்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"மண்டபத்தைப் பத்திச் சொல்லிட்டேன்."

நடந்தது இதுதான். கைது பற்றி வாய்மொழியாகவும் கேட்டார்கள். சத்தியம் செய்துகொடுத்திருந்த நிலையிலேயே மறுபடி இல்லை என்றிருக்கிறார். எல்லாம் முடிகிற நேரத்தில் அதிகாரி, ஏன் குடிமகனாக விரும்புகிறீர்கள் என்று சிநேகமாகக் கேட்டிருக்கிறார். இவருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. ஓட்டுப் போடத்தான், எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே அரசியலில் ஆர்வம், ஒரு முறை சாலையை மறித்தோம், போலீஸ் எங்களையெல்லாம் கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்துச் சாப்பாடு போட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். சாப்பாடு நன்றாகவே இருந்தது என்று வேறு சேர்த்துக்கொண்டாராம். அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை மறுபடி கையில் எடுத்தாராம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா மனுஷன்! வீட்டுக்கு வரும் சுங்கச் சாலை முழுக்கத் திட்டித் தீர்த்தேன்.

நாங்கள் வைத்த வக்கீலம்மா நல்லவர். ஆனால் தேன் தடவிப் பேசத் தெரியாதவர். மறியல் ஒரு பொருட்டே இல்லை, சத்தியத்துக்குப் பிறகு இல்லை என்று சொல்லிவிட்டு ஆமாம் என்றதுதான் சிக்கல் என்றார். பொய் சொன்னதாக முடிவு கட்டினால் குடியுரிமை மட்டும் போகாது, கிரீன் கார்டைப் பற்றியும் கேள்வி வரலாம் என்றார். அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதற்குப் போலீஸிடமிருந்து சான்று வேண்டும் என்றார். வழக்கே இல்லை என்றோம். அப்படியானால் வழக்கு இல்லை என்பதற்குச் சான்று கொண்டுவரச் சொன்னார்.

கும்பகோணத்திலிருக்கும் என் கொழுந்தனார் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார். அங்கே இருந்தவர் சிரித்தாராம். "எழுதினாத்தானே சார் இருக்கும்? சோறு போட்டு அனுப்பிச்சிருப்பாங்க. எழுதாததுக்கெல்லாம் நான் எப்படி சர்ட்டிபிகேட் குடுக்கறது?" அவர் சொன்னதில் தப்பே இல்லை.

அதே மாதங்களில்தான் நாடு முழுக்க இன்னொரு கைது, இன்னொரு குற்றச்சாட்டு பற்றிப் பேச்சு. நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்த நாளுக்குக் காரணம் என்று குற்றம் சாட்டப்பட்ட தலைவர் மறுபடி தேர்தலில் நின்றார். பதவிப் பிரமாணம் எடுத்துவிட்டுக் கிளர்ச்சியில் இறங்கியவர் மறுபடி பதவிக்கு வரக் கூடாது என்று அரசியல் சட்டத்தில் பழைய உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு சேர்த்த பிரிவு ஒன்று இருக்கிறது. அதைக் காட்டி ஒரு மாநில நீதிமன்றம் அவர் பெயரை வாக்குச் சீட்டிலிருந்து நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொன்று சமைத்துக்கொண்டு வந்து கூடும் எங்கள் சனிக்கிழமை பாட்லக்கில் இதற்காக அடிதடி நடக்காத குறைதான். நேர்காணலுக்கு முன்னால், நிற்கவே விடக் கூடாது என்ற கட்சிக்கு நான்தான் தலைவி. நான் சாப்ட்வேர் டெஸ்டர். பெரிய பிழை ஒன்று பதிவாகிவிட்டால் அதைச் சரிபார்க்கும்வரை ரிலீஸை நிறுத்துவதுதான் என் பிழைப்பு. பிழை உறுதியாகட்டும், அதுவரை வெளியே விடலாம் என்று எவனாவது சொன்னால் மீட்டிங்கிலேயே கிழித்துவிடுவேன். நாட்டுக்கும் அதே நியாயம்தான் என்று புளியோதரைக் கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசியிருக்கிறேன்.

நேர்காணலுக்குப் பிறகு வந்த பாட்லக்கில் டாக்டர் அங்கிள் ஒருவர் வழக்கம்போல என்னைச் சீண்டினார். "என்னம்மா, இன்னிக்கு ஜட்ஜம்மா சைலண்டா இருக்காங்க? நான் சொல்றது இதான். ஜனங்க ஓட்டுப் போட்டு முடிவு பண்ணட்டும், கோர்ட்டுக்கு என்ன வேலை? நம்ம ஊர்ல கேஸ் இருக்கறவன் நிக்கலியா? தண்டனை வந்தாத்தானே தடை?"

எனக்குப் பதிலாக இன்னொரு பெண் பாய்ந்தாள். "அங்கிள், இது பஸ் மேல கல்லெறிஞ்ச கேஸ் இல்ல. அக்யூஸ்டுன்னாலே போதும், வெளிய வெக்கணும். நெருப்பு இல்லாம புகையுமா?"

என் கணவர் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பின்கட்டுக் கதவைத் திறந்து வெளியே போனார். எங்கள் விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது. சொன்னால் அடுத்த வாரம் பக்கத்து ஊர் பிளானோவின் இந்திய மளிகைக் கடைவரை போய்விடும். அவள் பேசியது ஒவ்வொரு சொல்லும் நான் முன்பு பேசியது. கேட்கக் கேட்க எனக்கு உடம்பு கூசியது. அதற்காக டாக்டர் அங்கிள் பக்கம் சாயவும் முடியவில்லை. கூட்டம் கூடிக் கையைத் தூக்கினால் எதுவும் சரியாகிவிடும் என்றால் பிறகு சட்டம் என்று ஒன்றை எதற்கு எழுதி வைத்தார்கள்?

வீடு திரும்பும்போது அவரிடமே கேட்டேன். "நீங்க சொல்லுங்க. அந்த ஆளை நிக்க விடலாமா, கூடாதா?"

"முதல்ல விசாரிக்கணும். உக்காந்து, சாட்சி வெச்சு, செஞ்சாரா இல்லையான்னு ஒருத்தர் சொல்லணும். செஞ்சார்னா கூடாது. செய்யலைன்னா விடணும்," என்றார். பிறகு சிக்னலைப் பார்த்தபடியே, "எனக்கும் அதேதான் வேணும். யாராச்சும் ஒருத்தர் முடிவா சொல்லிட்டாப் போதும்," என்றார்.

வழி தெரியாத நேரத்தில் கொழுந்தனாருக்கு ஒரு யோசனை தோன்றியது. அன்று மண்டபத்தில் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் இப்போது ஊரில் கவுன்சிலர். நடந்ததைச் சொல்லி ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் உதவும் என்று வக்கீலம்மாவும் சொன்னார். நண்பரிடம் பேசினோம். மனுஷன் குதித்தார். ஒரு வாரம் விடு, நண்பா, அசத்திடறேன் என்றார்.

அசத்தித்தான் விட்டார். ஒரு காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. பஸ் ஸ்டாண்டு முனையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு. ஒரு பக்கம் கும்பிட்டபடி கவுன்சிலர், மறு பக்கம் எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்த என் கணவர். நடுவில் கொட்டை எழுத்தில்: "அன்று பேருந்துக் கட்டணப் போரில் அரசையே ஆட்டம் காண வைத்துச் சிறை சென்ற எங்கள் தோழன், இன்று அமெரிக்காவை ஆளப் புறப்பட்டுவிட்டான்!" அதே படம் முகநூலிலும் ஏறியிருந்தது, என் கணவர் பெயரோடு.

அரசைக் கவிழ்க்க முயன்றதுண்டா என்று அந்த விண்ணப்பத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது. இந்த வரியை யாராவது ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? போனைப் போட்டுக் கத்தினேன்.

"அண்ணா, முதல்ல அதை எறக்குங்க! முகநூல்லேர்ந்தும் எடுங்க!"

"ஏன் தங்கச்சி? உள்ள போயிட்டு வந்தது பெருமைதானே? எத்தனை தடவை ஜெயிலுக்குப் போனேன்னு சொல்லித்தான் எனக்கு சீட்டே குடுத்தாங்க. அங்கேயும் கேஸ் இருக்கறவர்தானே பெரிய பதவிக்கு நிக்கறாரு? டிவில பார்த்தேனே!"

"அது நிக்கறவங்களுக்குண்ணா. இந்த நாட்டுக்குள்ள வர்றவங்களுக்கு இல்ல."

அவருக்குப் புரியவில்லை. மனசு சங்கடப்பட்டுப் போர்டை இறக்கினார். பிரமாணப் பத்திரமும் வந்தது, அதிலும் வீரம் சொட்டியது. வக்கீலம்மா பாதியை அடித்து, திருத்தித் திரும்ப வாங்கி அனுப்பினார். முகநூலில் படத்தை எடுத்துவிட்டாலும் அதற்குள் யார் யார் பகிர்ந்தார்களோ, தெரியாது. தினமும் ஆபீஸ் போனதும் முதல் வேலையாக அவர் பெயரைப் போட்டுத் தேடிப் பார்ப்பேன்.

மார்ச்சில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கிளர்ச்சி செய்தாரா இல்லையா என்பதற்குள் அவர்கள் போகவில்லை. ஒரு மாநிலம் தானாக இப்படித் தடை போட முடியாது, அது நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலை என்றார்கள். நாடாளுமன்றமோ அதைச் செய்வதாக இல்லை. பெயர் வாக்குச் சீட்டில் நின்றது. நான் சமையலறையில் நின்றபடி அதைக் கேட்டு அழுதேன். பாட்லக்கில் நான் பேசிய கட்சி தோற்றதற்காக அழவில்லை. முடிவு சொல்லாமல் விட்டால் அந்தத் தலைவருக்கு வழி திறக்கிறது, முடிவு சொல்லாமல் விட்டால் எங்களுக்கு வழி அடைகிறது. அந்த அநியாயம் தாங்கவில்லை. மகள் வந்து கட்டிக்கொண்டாள். "அம்மா, அப்பா டிட் நத்திங் ராங். தே வில் ஃபிகர் இட் அவுட்," என்றாள். உண்மையை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்களாம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள் போலிருக்கிறது.

யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கோடை போனது. வக்கீலம்மா கேட்கும்போதெல்லாம் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. என் கணவர் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளானார். பாட்லக்கில் அரசியல் பேச்சு எடுத்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போவார். வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து விலகினார். வாசலில் கட்சிப் பலகை நட்டிருக்கும் வீட்டு வழியாக நடைப்பயிற்சி போகக்கூட மறுத்தார். வேகத்தடைக்கு இருபதடி முன்னாலேயே பிரேக் போடுவார். இந்த மனுஷனா சாலையில் படுத்து பஸ்ஸை நிறுத்தினார் என்று எனக்கே சந்தேகம் வரும்.

இலையுதிர் காலத்தில் தேர்தல் வந்தது. மகளுக்கு முதல் ஓட்டு. இரண்டு பேரும் கூட வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நூலகத்தில்தான் வாக்குச் சாவடி. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அவர் காரை விட்டு இறங்க மறுத்துவிட்டார்.

"லைன் பக்கத்துல நின்னா நானும் ஓட்டுப் போட வந்த மாதிரி இருக்கும். யாராச்சும் போட்டோ எடுத்துட்டா?"

"உங்களை யாருங்க எடுக்கப் போறா?" என்றேன். சொல்லிவிட்டு நானும் காரிலேயே இருந்துகொண்டேன். உள்ளே அந்தத் தலைவரின் பெயர் சீட்டில் இருந்தது. என் கணவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் இரண்டு பேரும்தான். இரண்டு பேர் விஷயத்தையும் யாரும் உட்கார்ந்து விசாரித்து முடிக்கவில்லை.

மகள் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஓட்டுப் போட்டவர்களுக்குத் தரும் சின்ன ஸ்டிக்கர். கார்க் கதவைத் திறந்து, குனிந்து, அதை அப்பாவின் சட்டைப் பையின் மேல் ஒட்டி உள்ளங்கையால் அழுத்தினாள்.

"திஸ் ஒன்ஸ் ஃபார் யூ, அப்பா."

அவர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ஸ்டிக்கரைப் பிய்க்க ஆரம்பித்தார். அது பாதியில் கிழிந்தது.

"அப்பா! இட்ஸ் ஜஸ்ட் அ ஸ்டிக்கர்!"

"இல்லடா கண்ணா. நான் ஓட்டுப் போட்டேன்னு ஆயிடும். போடக் கூடாதவன் போட்டா நாட்டை விட்டே அனுப்பிடுவாங்க. தெரியுமா உனக்கு? அனுப்பிடுவாங்க."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கிழிந்த துண்டுகளை அங்கிருந்த குப்பைத் தொட்டியில் போட நான் கை நீட்டினேன். வேண்டாம், அங்கே கேமரா இருக்கும் என்றார். மகள்தான் வண்டியை ஓட்டினாள். வீடு வரும்வரை அவர் குனிந்த தலை நிமிராமல், சட்டையில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார்.