இரட்டை மூக்குக் கிளி

ஆற்றைச் சுத்தம் செய்வதில் எங்கள் தெருவுக்கு விழுந்த பங்கு, பாலத்திலிருந்து வேப்பமரம் வரை. திருத்தங்கலில் நாங்கள் ஆறு என்று சொன்னது, மழைக்கு மட்டும் ஓடி, மற்ற நாளெல்லாம் சாக்கடையும் குப்பையுமாகக் கிடந்த ஒன்று. அந்த வருடம் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுக்கவே, எதிர்வீட்டு நர்ஸம்மா கதவு கதவாகத் தட்டி ஆள் திரட்டினார். மழைக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. இரண்டாயிரங்களின் தொடக்கம், தெருவிலேயே கைப்பேசி வைத்திருந்தவர் என் தாய்மாமா ஒருவர்தான்.

மாமா சிறிய அச்சகம் நடத்தினார். வெடிப்பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பது தொழில். அன்று வெள்ளை வேட்டியில் பாலத்தின்மேல் நின்று, எல்லாருக்கும் டீயும் வடையும் தன் பொறுப்பு என்று அறிவித்துவிட்டு, கைப்பேசியும் கையுமாக மேற்பார்வை பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, மேல இருந்தே அள்ளுறீகளோ?" என்றார் சேற்றில் நின்ற நர்ஸம்மா.

பத்து மணிவாக்கில் அம்மாவின் மண்வெட்டி பாலத்துக்கடியில் ஒரு சாக்கில் மாட்டியது. அதை இழுத்தால் பின்னால் இன்னொன்று. மொத்தம் ஏழு. தண்ணீர் போகும் வழியை அடைத்துக் கிடந்தவை அவைதான். ஒன்றைக் கிழித்ததும் ஊறிய காகிதம் கொழகொழவென்று சரிந்தது.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எவனோ வெளியூர்க்காரன் கொட்டிட்டுப் போயிருக்கான். ஆள் மட்டும் யாருன்னு தெரியட்டும், முட்டளவு சேத்துல நிக்க வச்சு, அவனையே அள்ள வைக்கிறேன்!"

சரிந்த காகிதத்தில் ஒரு பச்சைக் கிளியைப் பார்த்தேன். அதற்கு இரண்டு மூக்கு. அச்சில் சிவப்பு மட்டும் சற்று ஒதுங்கி விழுந்ததால் வந்த இரண்டாவது மூக்கு. எனக்கு நன்றாகத் தெரிந்த கிளி. நான் லேபிள் சேர்ப்பவள். ஒட்டிய ஒவ்வொன்றின் கீழும் எண், கிழமை, கொடுத்தவர் எல்லாம் எழுதி வைப்பேன். வீட்டுக்கு ஓடி நோட்டை எடுத்து வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

"எண் நாற்பத்தொன்று. இரட்டை மூக்குக் கிளி. செவ்வாய்க்கிழமை. கொடுத்தவர் மாமா. கலர் ஒதுங்கியதால் கம்பெனி மொத்த லோடையும் திருப்பி அனுப்பிவிட்டது."

கண்டுபிடித்த பெருமையோடு நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன். மாமா கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அடிக்கவே இல்லை.

"அண்ணாச்சி, வெளியூர்க்காரரு எந்த ஊருன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் நர்ஸம்மா. "நீங்களா எறங்குறீகளா, கை குடுக்கணுமா?"

ஆற்றங்கரையே சிரித்தது. "ஏலே, வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வாலே," என்றாள் அம்மா தன் தம்பியிடம்.

மாமா கைப்பேசியை என் கையில் திணித்துவிட்டு இறங்கினார். ஏழு சாக்கையும் அவரே கரையேற்றினார்; உதவிக்குப் போனவர்களை விடவில்லை. கடைசிச் சாக்கு வெளியே வந்ததும் கறுப்புத் தண்ணீர் மெல்ல நகர்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். இடுப்புவரை சேறாக நின்ற மாமாவும் தட்டினார்.

அன்று மாலை நோட்டில் எழுதினேன்: "இன்று எல்லாரையும்விட அதிகம் உழைத்தவர் மாமா. அவருக்கு ஆற்றின்மேல் அவ்வளவு பிரியம்."

அதன்பின் அச்சகத்துக்குப் போய்க் கலர் ஒதுங்கிய லேபிள் கேட்டபோதெல்லாம் மாமா ஒன்றுமில்லை என்று கையை விரித்தார். தீபாவளி சீசன் முடிந்ததும் நான் எழுதிய வரி இன்றும் அப்படியே இருக்கிறது: "மாமா அச்சகத்தில் இப்போது பிழையே வருவதில்லை."