ஆபிரிக்காவும் கைதடிப் பாலமும்

யுத்தநிறுத்தம் வந்து பாதை திறந்ததும் கொழும்பிலிருந்த மாமா தன் பழைய தொலைக்காட்சிப் பெட்டியை லொறியில் ஏற்றி, கோப்பாயிலுள்ள எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அதில் ஒரேயொரு அலைவரிசைதான் தெளிவாக விழுந்தது. அதுவும் சிங்களம். ஞாயிறு காலையில் பறவைகள் பற்றிய நிகழ்ச்சி போகும். எனக்கு எட்டு வயது. அது முடியாமல் பல் தீட்டமாட்டேன்.

மொழிபெயர்ப்பு அப்பாவின் பொறுப்பு. இளமையில் கொழும்பில் ஒரு கடையில் கொஞ்சக் காலம் நின்றவர். தனக்குச் சிங்களம் தெரியும் என்று அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம். ஒருநாள் இருவாட்சிப் பறவையொன்று மரப்பொந்துக்குள் அடைந்திருக்க, ஆண்பறவை பழம் கொண்டுவந்து ஊட்டியது. வர்ணனையாளர் நெடுநேரம் பேசினார். அப்பா சுருக்கமாகச் சொன்னார்:

“பெட்டை கோவிச்சுக்கொண்டு கதவைப் பூட்டிப்போட்டுது. உவன் சாப்பாடு குடுத்துக் கெஞ்சுறான்.”

இந்த வீட்டில் அப்படி ஒருவரும் கெஞ்சிக் காணவில்லை என்று குசினியிலிருந்து அம்மா சொன்னார்.

எனக்கு உயிர் பூநாரைகளில்தான். ஆபிரிக்க ஏரியொன்றில் இளஞ்சிவப்பாய்க் கூட்டங்கூட்டமாக நிற்கும். அவற்றைப் பார்க்க விமானத்தில் போகவேண்டும் என்றார் அப்பா. அந்த நாட்களில் சாவகச்சேரியிலிருந்த பெரியம்மா வீட்டுக்கு அப்பாவோடு சைக்கிளில் அடிக்கடி போவேன். கைதடிப் பாலத்து இராணுவக் காவலரணில் இறங்கி உருட்டிக்கொண்டு நடக்கவேண்டும். அங்கே இங்கே பார்க்கக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. நான் சொல்கேட்கிற பிள்ளை. தார் ரோட்டைப் பார்த்தபடியே நடந்தேன்.

வளர்ந்து, மானிப்பாயில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், ஒருநாள் பஸ்ஸில் அந்தப் பாலத்தைக் கடக்கும்போது தண்ணீரில் நீளக் கால்களோடு நின்ற கூட்டத்தைக் கண்டேன். வளைந்த சொண்டு. இறக்கையில் இளஞ்சிவப்பு. பக்கத்துச் சீற்றிலிருந்த மனிதர், இதுகள் வருசாவருசம் வாறதுதானே என்று சொல்லிவிட்டுத் திரும்ப நித்திரையானார்.

கனடாவிலுள்ள அண்ணையிடம் தொலைநோக்கி கேட்டேன். ஆரைப் பார்க்கப்போகிறாய் என்று விசாரித்த பிறகே அனுப்பினார். அடுத்த ஞாயிறு அப்பாவையும் கூட்டிக்கொண்டு பாலத்தடிக்குப் போனேன். கண்ணில் வைத்ததுதான் தாமதம், ஒரு சிப்பாய் வந்து நின்றார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தண்ணீரைப் பார்த்தார்.

“என்ன கேக்கிறார், அப்பா?”

“ஏதோ கேக்கிறார், பிள்ளை.”

என் சிறுவயது ஞாயிறுகள் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் கரைந்துபோயின. தொலைக்காட்சியில் கேட்டுக்கேட்டு மனதில் பதிந்த ஒரேயொரு சிங்களச் சொல்தான் வாயில் வந்தது. “குருல்லோ” என்றேன். பறவைகள்.

சிப்பாய் சிரித்தார். கையை நீட்டித் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தார். பிறகு காவலரணில் நின்ற மற்றவரையும் கூப்பிட்டார். இருவரும் மாறிமாறிப் பார்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“பாக்கட்டும்,” என்றார் அப்பா மெதுவாக. “உவையும் எங்கை கண்டிருக்கப்போகினம்.”

எங்கள் முறை வந்தபோது அவர்தான் அதை முதலில் வாங்கினார். வெகுநேரம் திருப்பித் தரவில்லை.