நேராக நின்ற குமிழ்கள்

என் கணவரின் தம்பி அந்தப் பலகையைத் திருப்பிக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தபோது அது பளபளவென்று இருந்தது. ஒயர்களைச் சுருட்டிக் கட்டியிருந்தார். பலகையில் இருந்த, காலால் மிதித்துக் கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்கள் நான்கையும் ஈரத்துணியால் துடைத்திருந்தார். அவற்றின் திருகு குமிழ்களை எல்லாம் பன்னிரண்டு மணி முள்போல நேராக நிமிர்த்தி வைத்திருந்தார். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று செய்தாராம். நான் அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அங்கேயே நின்றிருந்தால் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

அதில் என்ன போயிற்று என்று புரிய வேண்டுமானால் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். நாள் முழுக்க இருட்டறையில் யாரையாவது உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு வில்லையைப் போட்டு, அதை எடுத்து இன்னொன்றைப் போட்டு, "இதுவா, அதுவா?" என்று கேட்பதுதான் தொழில். எரிந்து விழுகிறவர்களிடமும் அதே குரலில் மறுபடி கேட்பார். வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் கிட்டாரை எடுப்பார். மேடை ஏறியதில்லை. ஏறும் ஆசையும் இருந்ததில்லை. மேடை தம்பியின் பிழைப்பு. ஊரில் எந்த விழா என்றாலும் அவருடைய குழு அங்கே இருக்கும்.

முதல் பெடலை வாங்கக் கடைக்கு அழைத்துப்போனதும் தம்பிதான். கடைக்காரர் அதைப் பீரோ உயர ஸ்பீக்கரில் மாட்டிக் காட்டியிருக்கிறார். தரை அதிர்ந்ததாம். இவர் மயங்கி வாங்கி வந்துவிட்டார். எங்கள் வீட்டில் ஒரு பக்கத்துச் சுவருக்கு அப்பால் டீச்சரம்மா. கதவுக்கு இந்தப் பக்கம் தூங்கும் மகள். இரண்டு பேருக்கும் தொந்தரவில்லாத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்தால், அந்த இடிமுழக்கம் குடத்துக்குள் மாட்டிக்கொண்ட ஈ மாதிரி ஆகிவிட்டது.

அதன் பிறகு பெடல் பார்க்கப் போகும்போதெல்லாம் வீட்டிலிருக்கும் குட்டி ஸ்பீக்கரைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவார். கடையில் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் பேச்சை நிறுத்தாத அளவுக்குத்தான் சத்தம் வைப்பார். அந்தச் சத்தத்தில் எது நன்றாக இருக்கிறதோ அதுதான் வீட்டுக்கு ஆகும் என்பது அவர் கணக்கு. கடைப்பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தம்பிக்கு அவமானம் தாங்காது.

"ஏண்ணே மானத்த வாங்குற? புலிய வாங்கிக் கூடையில அடைக்கிறதுக்கா இவ்ளோ பாடு?"

"அதான்டா, பூனையாப் பாத்துக் கேக்குறேன்."

கடையில் தேறியதற்கு வீட்டில் இன்னொரு பரீட்சை உண்டு. நான் அடுப்படியில் முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்க வேண்டும். இவர் பெடலைப் போட்டும் அணைத்தும் வாசித்துவிட்டு, "இதுவா, அதுவா?" என்பார். இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொன்னால் அந்தப் பெடல் மறுநாளே கடைக்குத் திரும்பிப் போய்விடும். நிலைத்தவை நான்கு. ஒன்று, அழுத்தி மீட்டினாலும் மெல்ல மீட்டினாலும் ஒரே சீராக ஒலிக்க வைக்கும். ஒன்று குரலில் லேசாகக் கரகரப்பு ஏற்றும். ஒன்று வாசித்ததையே தள்ளி நின்று திருப்பிச் சொல்லும். கடைசிப் பெடல், பெரிய அறையில் உட்கார்ந்து வாசிப்பது போலக் காட்டும். எங்கள் கூடத்தில் நாற்காலி ஒன்று கூடப் போட்டால் கதவு திறக்காது. அந்தப் பெடலை மிதித்துவிட்டு, "ஹால் பெருசாயிடுச்சு பாத்தியா" என்பார்.

அந்த நான்கின் குமிழ்களையும் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி இந்த வீட்டுக்கென்று அமைத்து வைத்திருந்தார். அடையாளம் எதுவும் போட்டு வைக்கவில்லை. கேட்டால், காது இருக்கிறதே என்பார். பலகை தெரியும் புகைப்படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதிலும் குமிழ்களை அவர் பாதம் மறைக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கட்டைவிரல் நகம்தான் தெரிகிறது.

கண்ணாடிக் கடையின் இருட்டறையில்தான் இவர் இதயம் நின்றது. அடுத்த வில்லைக்காகக் காத்திருந்த பெரியவர், கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்.

அண்ணன் நினைவாக நிகழ்ச்சி நடத்துகிறேன், அவனுடைய பெடலில்தான் வாசிப்பேன் என்று தம்பி வந்து கேட்டார். எடுத்துப்போங்கள், குமிழில் மட்டும் கை வைக்காதீர்கள் என்றேன். தலையாட்டினார். மேடையில், தன் அண்ணன் மேடை கிடைக்காமலே போன கலைஞன் என்று ஒலிபெருக்கியில் அழுதார். கூட்டம் கை தட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிடைக்காமல் போக இவர் எப்போது கேட்டார்? அந்தப் பெரிய அரங்கில் எங்கள் வீட்டுச் சத்தம் எடுபடுமா? எல்லாக் குமிழ்களையும் முறுக்கித் தள்ளியிருக்கிறார். அவர் நல்ல மனதோடுதானே செய்தார் என்று உறவுக்காரர்கள் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். கெட்ட மனதோடு செய்திருந்தால் முகத்தில் அடித்தாற்போல் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த நல்ல மனதை என்ன செய்வது?

குழாயை மூடிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். அதுவரை அவரை நீங்க, வாங்க என்றுதான் பேசியிருக்கிறேன்.

"உக்காரு. மாட்டு."

"அண்ணி?"

"மாட்டி வாசி. ஒவ்வொண்ணாத் திருப்பு. எது சரின்னு நான் சொல்றேன்."

"எவ்ளோல வச்சிருந்தான்னு தெரியுமா அண்ணி?"

"தெரியாது. கேட்டாத் தெரியும்."

அடுப்படிக்குப் போய் முதுகைக் காட்டி நின்று வெங்காயத்தை எடுத்தேன். முதல் மீட்டலே காதைப் பிளந்தது. டீச்சரம்மாவுக்குக் கேட்கிறது, குறை என்றேன். குறைத்தார். ஈ பறந்தது. திருப்பினார், வாசித்தார், திருப்பினார்.

"இதுவா அண்ணி, அதுவா?"

அது யாருடைய கேள்வி என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

"ரெண்டும் இல்ல."

எத்தனை முறை சொன்னேனோ. ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். மேடையில் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற ஆள், இங்கே தரையில் குப்புறக் கவிழ்ந்து நகத்தால் குமிழை நகர்த்திக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை. அப்போதுதான் கரகரப்பு சட்டென்று வந்து உட்கார்ந்தது. தொண்டை லேசாகக் கட்டியவர் பேசுவது மாதிரி.

"நிறுத்து. கைய எடு."

மெல்ல மெல்ல இன்னும் இரண்டு கிடைத்தன. கூடத்தைப் பெரிதாக்கும் நான்காவது கிடைக்கவில்லை. எப்படித் திருப்பினாலும் சத்தம் ஒன்று கிணற்றுக்குள் போயிற்று, இல்லாவிட்டால் அவருடைய அரங்கத்துக்குப் போயிற்று. எங்கள் கூடம் நாற்காலி இடிக்கிற அதே கூடமாகவே இருந்தது.

"இதுக்கு மேல எனக்குப் பிடிபடல அண்ணி. மன்னிச்சிருங்க."

பரவாயில்லை என்று என் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"நாளைக்கு வேலை முடிஞ்சதும் வா. அது கெடைக்கிற வரைக்கும் வா."

அவர் போனதும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை வெட்டி, கிடைத்த மூன்று பெடல்களின் குமிழ்கள் மீதும் அசையாதபடி ஒட்டினேன். நான்காவதை அப்படியே விட்டிருக்கிறேன். அதன் மேல் தூசி படிந்தால் படியட்டும். துடைக்கிறேன் என்று யாரும் வரக்கூடாது.