விளம்பரத்தில் இளைத்த அக்கா

அவள் பேருந்து ஓட்டுநர். பதினெட்டு வருடமாக உட்கார்ந்தே பார்க்கும் வேலை. உடம்பில் சதை போட்டுவிட்டது. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் இடது முழங்கால் உயிரை வாங்கியது. எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் கண்டித்ததைத் தம்பியிடம் வாய்விட்டுச் சொன்னதுதான் வினையாகிப் போனது.

தம்பி ஜிம் வைத்திருந்தான். மறுநாளே ஒரு பெரிய டப்பாவோடு வந்து நின்றான்.

"புரோட்டீன் பவுடர்க்கா. காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் பால்ல கலக்கிக் குடி. கொழுப்பு தானா கரையும்."

"சாப்பாட்டைக் குறைக்கணுமாடா?"

"ஒண்ணும் வேணாம். எப்பவும் போலச் சாப்பிடு."

கூடப் பிறந்தவன் சொல்கிறானே என்று மூன்று மாதம் மடக் மடக்கென்று குடித்தாள். சீருடைச் சட்டையில் பொத்தான் போட முடியவில்லை. எடை பார்த்தால் நாலு கிலோ ஏறியிருந்தது. "உடம்பு பழகணும்க்கா, மூணு டம்ளரா ஆக்கிடு" என்றான் தம்பி.

ஒரு நாள் பணிமனையில் நடத்துநர் பெண் ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டினாள். "அக்கா, இது நீங்கதானே?"

இரண்டு படங்கள். இடது பக்கம் போன மாதத்து உடம்பு. வலது பக்கம் ஒல்லியாக, கன்னம் ஒட்டி, அவளேதான். கீழே கொட்டை எழுத்தில்: 'மூன்றே மாதத்தில்!'

வேலை முடிந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் நேரே ஜிம்முக்குப் போனாள். தம்பி ஒரு தையல்காரப் பெண்ணிடம் டப்பாவைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

"எப்ப எடுத்த படம்டா இது?"

"அக்கா, உள்ள வா, பேசிக்கலாம்."

"உள்ள என்ன பேச்சு? பத்து வருஷம் முன்னாடி மஞ்சக்காமாலையில சாகக் கிடந்தேனே, அப்ப எடுத்ததுடா! பக்கத்துல உக்காந்து நீதானே அழுதே? அந்தப் படத்தையா வித்துக்கிட்டு இருக்க?"

"ஒரு விளம்பரம்தானேக்கா... இதுக்குப் போய் ஊரைக் கூட்டற."

அதுவரை எடைத்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பயிற்சியாளர் பெண் நிமிர்ந்தாள்.

"பவுடர் விஷமில்லம்மா. முட்டையிலயும் பருப்புலயும் இருக்கற சத்துதான். எடை தூக்கிப் பயிற்சி பண்றவங்களுக்கு, சாப்பாட்டுல அது பத்தலைன்னா உதவும். வயிறு நிறைய சாப்பிட்டு, உக்காந்த இடத்துல இதையும் குடிச்சா எடை ஏறத்தான் செய்யும். உங்களுக்குக் குடுக்கறப்பவே இவர்கிட்ட சொன்னேன்."

"அப்பவே தெரியுமா?" என்று தம்பியைப் பார்த்தாள். அவன் மேசையில் கிடந்த பிரசுரங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தான். ஏமாந்ததைக்கூடப் பொறுத்திருப்பாள், தெரிந்தே ஊற்றிக் கொடுத்ததைப் பொறுக்க முடியவில்லை. சுவரில் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்த தன் படத்தைப் பிடித்து இழுத்தாள். சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தது. தையல்காரப் பெண் டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றே பயிற்சியாளரின் வேலை போனது. அதைக் கேட்ட அக்கா மேலதிகாரியிடம் சண்டை போட்டு, பணிமனையின் பெண்கள் ஓய்வறையில் வாரம் மூன்று நாள் பயிற்சி நடத்த அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தாள். ஆறு பேர் சேர்ந்தார்கள். உட்கார்ந்து எழுவதற்குள் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. பவுடரை விட்டாள், தட்டில் சோற்றைக் குறைத்து முட்டையும் பயறும் வைத்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் ஐந்து கிலோதான் குறைந்தது. ஆனால் கிளட்சு மிதிக்கையில் முகம் சுளிப்பது நின்றது.

கோபம் மட்டும் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஒரு காலை தம்பி அவளுடைய பேருந்திலேயே ஏறி, முன்படியில் நின்று குழைந்தான்.

"இன்னும் கோவமாக்கா?"

கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னாள்: "டிக்கெட் எடுத்துட்டு உள்ள தள்ளி நில்லு. படியில நிக்கக் கூடாது."