எதிர்க்கடை மீட்டரின் முள்

திண்டிவனத்தில் என் சோடாக் கடைக்கு எதிரே, கோட்டக்குப்பத்து பாய் ஒருவரும் சோடாக் கடை வைத்திருக்கிறார். வெயிலில் நிற்கும் அவருடைய சோடா கேஸ் சிலிண்டரின் மீட்டர் முள், என்னுடையதைவிட எப்போதும் மேலே நிற்கும். சப்ளைக்காரன் அவருக்கு மட்டும் நிறைய அடைத்துத் தருகிறான் என்று வயிறெரிந்தேன்.

ஒரு மதியம் பாய் தொழுகைக்குப் போனதும் அந்த சிலிண்டரைத் திறந்துவிட்டேன். கேஸ் சீறியது. மூடினேன். இறங்கிய முள் சற்று நேரத்தில் பழைய இடத்துக்கே ஏறியது. ஆத்திரத்தில் மறுபடி மறுபடி திறந்தேன்.

அவர் வந்ததும் கேட்டேவிட்டேன். "உங்க முள்ளு மட்டும் எப்படி பாய் எறங்கவே மாட்டேங்குது?"

சிரித்தார். "வெயில் சூட்டுல ஏறிக்கினு நிக்குதுங்க. உள்ள தண்ணியா கெடக்குற கேஸ் தீர்ற வரைக்கும் முள்ளு எறங்காது. எடை போட்டாத்தான் நெசம் தெரியும். வாங்க, ரெண்டையும் போட்டுப் பாக்கலாம்."

வேர்க்கடலை மூட்டை நிறுக்கும் பக்கத்து மல்லாட்டை மண்டித் தராசில் வைத்தோம். என்னுடையதுதான் கனம். அவருடையது ஏறக்குறையக் காலி.

"நேத்துதான் மாத்துனேன், எங்கியோ லீக்காவுது," என்று பதறியவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை, நீங்க கேட்டீங்க."

உங்களிடம் சொல்லிவிட்டேன். தெருவைக் கடந்து அவரிடம் சொல்லத்தான் இன்னும் கால் வரவில்லை.